கீழே வைக்காத கல்

பிள்ளை கையில் போட்டிருக்கிற கட்டைத்தானே பார்க்கிறீங்க அக்கா? இப்போது வலி இல்லை. தோளில் மூட்டு விலகிப்போயிருந்தது. ஏற்றிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவிழ்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாருங்க, இருக்கிற ஒரு கையை வைத்துக்கொண்டு உங்கள் கண்ணாடிக்குப் போகிறாள். ஏய் ஜெர்லின், சும்மா இரு. ஒடித்துப்போட்டால் நான் எங்கே போவேன்?

நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறேனே, தப்பாக நினைக்காதீங்க. எனக்குச் சின்னப்பிள்ளையிலிருந்தே கூச்சம். நாலாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அந்த நாலு வருஷமும் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொள்வேன். டீச்சர் பார்த்துவிட்டு, வந்திருக்கிறாள் என்று எழுதிக்கொள்வார்கள். இப்போது முன்பல் ஒன்று வேறு இல்லை. அதனால் கை தானாகப் போகிறது.

எங்கே இறங்கணும் என்று கேட்டீங்களே. ஸ்டேஷன் ஸ்டாப்பில். ரயில் இல்லை அக்கா, போலீஸ். ஐயோ, நகர்ந்து உட்காராதீங்க, நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். எங்கள் மாமி, என் புருஷனைப் பெற்றவர்கள், முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். பதினொரு மணிக்குள் நான் அங்கே நிற்கணும்.

இந்த மஞ்சப்பையில் கடுதாசி இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தது. கித்தேரி, பிலோமி, ஆஞ்சலா என்று மூன்று பேர் முன்விரோதத்தால் என் புருஷனைக் கல்லால் அடித்துக் கொல்லப் பார்த்தார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று அதில் எழுதியிருக்கிறது. மாமிதான் வாசித்துச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டால் மூன்று பேரையும் உள்ளே வைத்துவிடுவார்களாம். நானும் பிள்ளையும் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் எங்கேயாவது போய்க்கொள்ளணுமாம். “ஒன் புருசனா, அந்தக் கம்பெனிக்காரியளா, நீயே முடிவு பண்ணு” என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று பேரும் என் கூட்டாளிகள் அக்கா. இறால் கம்பெனியில் ஒரே மேஜையில் நின்று தோல் உரிக்கிறவர்கள். ஐஸில் கை மரத்துப்போய் நிற்கும்போது என் கூடையையும் சேர்த்து உரித்துத் தருகிறவர்கள். ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. பதினேழு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைக்கிறேன். இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களை இனிமேல் நான் பார்க்கப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

அந்தக் கல் என்னுடையது. அதை அவர்கள் ஆளாளுக்குத் தன் கல் என்கிறார்கள்.

உங்களுக்குப் புரியாது. நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் மாதிரித் தெரியவில்லை. எங்கள் கரையில் ஒரு நேர்ச்சை உண்டு, நேர்த்திக்கடன் மாதிரி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மூன்றாம் வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடலோரமாகவே சிலுவைப்பாறைக்கு நடப்போம். செருப்பு கிடையாது. விடியுமுன் நம் ஊர்க் கரையிலேயே ஒரு கல் எடுக்கணும். மனதில் எவ்வளவு பாரமோ அவ்வளவு கல். பாரக்கல் என்றுதான் சொல்வோம். அதைச் சிலுவையடியில் கொண்டுபோய்ப் போடுகிற வரைக்கும் தரையில் வைக்கக்கூடாது. உட்கார்ந்தால் மடியில்தான். இன்னொன்று, கிளம்பினால் திரும்பக்கூடாது. உடம்பு திரும்பக்கூடாது, தலையும் திரும்பக்கூடாது. ஒருத்தி திரும்பினால் கூட வருகிற எல்லாருடைய நேர்ச்சையும் போச்சு. நான் போனது இந்த வருஷம்தான் முதல் தடவை.

போகணும் என்று எனக்கு இல்லை. எனக்கு என்ன பாரம்? இவ அப்பா நல்ல மாதிரி. குடித்தால்தான் கை நீளும். வலை நிறைந்து வந்தால் குடிப்பார், வெறுமனே வந்தால் குடிப்பார். மற்ற நாளெல்லாம் தங்கம். பிலோமிதான் விடவில்லை. “நாலு பேரா நடந்தாத்தான்ளா பேசிச் சிரிச்சிட்டுப் போலாம், வா” என்று கூப்பிட்டாள். இவரிடம் முந்தின வாரமே கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து மாமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கரையில் நான் ஒரு பொடிக்கல் எடுத்தேன். கித்தேரி அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். எங்கள் மேஜைக்கு அவள்தான் பெரியவள், ஐம்பது வயசு, ஆம்பளைக் குரல்.

“இதுவாளா ஒன் பாரம்? இத மூக்குத்தியில பதிச்சுப் போடலாம்.”

“எனக்கு இது போதும்க்கா.”

“ஒளறாத. போன மாசம் ஒன் முதுகுல சோடாப் புட்டி அடையாளம் இருந்துச்சே, அது என்ன, ஒங்க மாமி போட்ட கோலமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் குனிந்து, அலை அடிக்கிற இடத்திலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைத் தோண்டி எடுத்தாள். ஒரு பக்கம் வழுவழுவென்று, இன்னொரு பக்கம் சிப்பி ஒட்டிக் கூர்கூராக.

“இந்தா, ஒன் மாப்பிள்ள மண்டை மாதிரியே இருக்கு. இதத் தூக்கு.”

என் பொடிக்கல்லைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டாள். நான் என்ன செய்ய? பெரியவள் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. முதல் தப்பு அவளுடையதுதான் அக்கா. அந்தப் பொடிக்கல்லோடு போயிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

பிலோமி ரெண்டு கல் எடுத்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை.

“ரெண்டு எதுக்குளா? ரெட்டப் பிள்ள பெறப்போறியா?” என்று கித்தேரி அக்கா கேட்டாள்.

“ஒண்ணு என் பாரம், ஒண்ணு எங்க மாமியார் வாய்.”

ஆஞ்சலா பேசமாட்டாள். அவள் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே பேச்சு வராது, அதனால் இவளும் குறைத்துவிட்டாளோ என்னவோ. தட்டையாக ஒரு கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கித்தேரி அக்கா எடுத்தது எல்லாவற்றிலும் பெரிசு. அவள் மகன் வெளிநாட்டு போட்டில் வேலைக்குப் போய்ப் பதினாலு மாசமாக ஒரு தகவலும் இல்லை. அந்தக் கல்லை அவள் பிள்ளையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நடந்தோம். பதினெட்டு கிலோமீட்டர். விடிகிற நேரத்துக் காற்று நன்றாக இருந்தது. கல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் கையை அறுக்கும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, தோளுக்கு, வயிற்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போகணும். சிப்பி கீறிக் கீறி என் முழங்கையெல்லாம் ரத்தம். பிலோமி பார்த்துவிட்டு, “இன்னும் பாதி கூட வரல, அதுக்குள்ள ஐந்து காய விசேஷமா?” என்றாள். சிலுவையில் யேசுவுக்குப் பட்ட ஐந்து காயத்தைச் சொல்கிறாள், அவள் வாய் அப்படி.

உடைமரக்காடு தாண்டுகிற இடத்தில் பெரிய ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஆறேழு நாய்கள் அதைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு நாய் ஓட்டுக்குள்ளே தலையை விட்டு இழுக்கிறது, குடல் மணலில் நீளமாக வருகிறது. எங்களைப் பார்த்ததும் ஒன்று பாய்ந்து வந்து ஆஞ்சலா சேலையைக் கவ்விக்கொண்டது. கித்தேரி அக்கா இடுப்புக் கல்லை அசைக்கவே இல்லை. ஒரு உதை. நாய் விலாவில் பட்டு உருண்டு போய் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. நாங்கள் திரும்பிப் பார்க்கக்கூடாதே, அதனால் செத்ததா பிழைத்ததா தெரியாது. முதுகுக்குப் பின்னால் மற்ற நாய்கள் உறுமுகிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

“ஒரு ஒதையில படுத்துட்டு பாத்தியா” என்று கித்தேரி அக்கா சொன்னாள். “நீயும் வீட்டுல இப்டி ஒரு நாளைக்கு ஒதைச்சுப் பாரு.”

“சும்மா இருங்கக்கா” என்றேன்.

கழிமுகத்தைக் கடந்தது நல்லா இருந்தது. இடுப்புத் தண்ணீர். கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு போனோம். இழுப்பில் பிலோமி தடுமாறி, தாயே மாதாவே என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு கல்லையும் விடவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் நான் சிரித்தேன். வாயைப் பொத்தாமல் சிரித்தேன் அக்கா, கையில்தான் கல் இருக்கிறதே. ஆஞ்சலா என்னைப் பார்த்து, “ஒனக்கு இவ்ளோ அழகான பல்லா?” என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் பேசியது அது ஒன்றுதான்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்து நிழலில் உட்கார்ந்து அவல் தின்றோம். கல் மடியில். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம். சேலையெல்லாம் நனைந்துவிட்டது. எழுந்து நடந்து ஐந்து நிமிஷம் இருக்காது, பின்னால் பைக் சத்தம் கேட்டது. ஈர மணலில் வந்தால் ஒரு மாதிரிச் சத்தம் வரும். எங்கள் பைக் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சைலன்சர் உடைந்தது.

“ஏளா ஜெனோபா! நில்லுளா!”

ஜெனோபா என் பெயர். நான் நின்றேன். கித்தேரி அக்கா, “திரும்பாத. நட” என்றாள். நடந்தேன். “ஏளா!” என்று மறுபடியும். நான் இன்னும் வேகமாக நடந்தேன். என்னால் மற்றவர்கள் நேர்ச்சை போய்விடக்கூடாதே. அவர் கூப்பிட்டு நான் நிற்காமல் போனது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அது ஒரு தடவைதான்.

அப்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பைக் டேங்கு மேலே இவளை உட்கார்த்திக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வெயிலில், தலைக்கு ஒரு துணிகூட இல்லாமல்.

எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிறுத்தினார். பிள்ளையை இடது கையில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். குடித்திருக்கவில்லை அக்கா. அதைச் சொல்லணும். தவக்காலத்தில் அவர் தொடமாட்டார், அது தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வாடையே இல்லை. அதனால்தான் கோபம் கூட இருந்திருக்கும். குடிக்காத உடம்புக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும் போல.

“வீட்டுக்கு வா.”

“சாயங்காலம் பஸ்ல வந்துருவேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். நான் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்த அந்தக் கல்லை.

“இவ்வளவு பெரிய கல்லா?” என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. “நான் ஒனக்கு இவ்வளவு பாரமாளா? ஊரு பூரா பாக்கணும்னுதான் தூக்கிட்டு அலையுதியா?”

நான் எடுத்தது பொடிக்கல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலேயே விழுந்தது. முஷ்டியால். பல் நாக்கில் கிடந்தது. துப்பக்கூடத் தோன்றவில்லை, விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். ரெண்டாவது அடி காதில். கையைத் தூக்கி மறைத்திருக்கலாம். கையில் கல் இருந்ததே. விட்டால் தரையில் விழுந்துவிடும். அதனால் இன்னும் இறுக்கிக்கொண்டேன். முழங்காலைத் தூக்கி வயிற்றில் உதைத்தார், அது கல்லில் பட்டு அவருக்கே வலித்துவிட்டது. அதற்கு வேறு ஒரு அறை.

“டேய் கிளாட்வின், பிள்ளையக் குடுத்துட்டு அடிடா, நாயே” என்று பிலோமி கத்தினாள். ஆஞ்சலா போய் இவளை வாங்கப் பார்த்தாள். இடுப்பில் உதைத்தார், கல்லோடு போய் முள்ளில் விழுந்தாள். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தாள், கல் மண்ணில் படாமல்.

அப்புறம் என் முடியைப் பிடித்தார். ஊர்ப் பக்கமாக என் முகத்தைத் திருப்பப் பார்த்தார். “திரும்புளா! திரும்பிப் பாரு! அந்தா இருக்கு ஒன் வீடு!” உச்சியில் ஒரு கொத்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இங்கே பாருங்க, இன்னும் முளைக்கவில்லை. கழுத்து திரும்பிவிட்டது, அவர் பலத்துக்கு நான் எம்மாத்திரம்? ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டேன் அக்கா. திரும்பினேனே தவிரப் பார்க்கவில்லை. பார்த்தால்தானே கணக்கு? அப்படித்தான் நான் நினைத்தேன். யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் கண்ணை மூடியது அவருக்குத் தெரிந்துவிட்டது. முடியை விட்டார்.

“அப்பம் சரி. ஒனக்குக் கல்லு வேணுமா, பிள்ள வேணுமா?”

விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கினார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அன்றைக்கு அலை பெரிசு. இவளை ஒரு கையைப் பிடித்து, கட்டுப் போட்டிருக்கிற இந்தக் கையைத்தான், தொங்கவிட்டார். துணி துவைக்கிற மாதிரி.

“கல்லக் கீழ போடு. போட்டுட்டு ஊரப் பாத்து நட. இல்லன்னா விட்டுருவேன்.”

விளையாட்டுக்குத்தான். அவர் கடல்காரர், சொந்தப் பிள்ளையை விட்டுவிடுவாரா? எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் ஒரு அலை வந்து இவள் காலை இழுத்தது, அவர் மேலே இழுத்தார். அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். இறால் தலையைக் கிள்ளும்போது வருமே, உங்களுக்குத் தெரியாது, அந்தச் சத்தம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் தடவை நான் கேட்கிற சத்தம். இவள் அழுகை நின்றுவிட்டது.

நான் தண்ணீருக்குள் இறங்கிப் போனேன். அவர் சிரித்தார். நான் கல்லைக் கடலில் போட வருகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. “அப்டி வா வழிக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த அலை வருகிறதா என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

இடது காதுக்கு மேலே. சிப்பி இருந்த பக்கம்.

ஒரு தடவைதான் அக்கா. பிலோமி மூன்று தடவை என்கிறாள். ஆஞ்சலாவைக் கேட்டால் விரலைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறாள். எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தமும் எனக்குத் தெரிந்த சத்தம் மாதிரியே இருந்தது.

அவர் அப்படியே குப்புற விழுந்தார். இவளும் தண்ணீரில் போனாள். கித்தேரி அக்கா என்ன செய்தாள் தெரியுமா? இடுப்புக் கல்லைப் பொத்தென்று போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவ்வளவு பெரிய கல், அவள் மகனுக்காக எடுத்த கல், கடலுக்குள் போய்விட்டது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. இவளைக் காலைப் பிடித்து இழுத்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் நாலு அறை அறைந்தாள். தண்ணீர் கக்கிவிட்டு இவள் கத்தினாள் பாருங்க ஒரு கத்து!

அவர் முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. நுரையெல்லாம் சிவப்பு. பிலோமியும் ஆஞ்சலாவும் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கல்லை எல்லாம் எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் இழுக்காவிட்டால் ஆள் இல்லை. டாக்டரே சொன்னார், இன்னும் ஒரு நிமிஷம் என்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். ‘நீ ஏன் இழுக்கல’ என்று மாமி கேட்டார்கள். என் கையில் கல் இருந்ததே, நான் எப்படி இழுக்க?

கித்தேரி அக்கா பிள்ளையை என் தோளில் போட்டாள். போட்டுவிட்டு என் கையிலிருந்த கல்லைப் பிடித்தாள். விரல் மடங்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தாள்.

“இது என் கல்லு. கேட்டியாளா? இது என் கல்லு. நீ வாயத் தொறக்காத. ஒனக்குக் கைப்பிள்ள இருக்கு.”

அதற்குப் பிலோமி, “இல்ல, என் கல்லு. ரெண்டு எடுத்துட்டு வந்தேன்னு ஊருக்கே தெரியும்” என்றாள். ஆஞ்சலா தன் கையை அவர் மண்டை ரத்தத்தில் முக்கிச் சேலையில் தடவிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தபோது மூன்று பேரும் நான்தான், நான்தான் என்று நிற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் தன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஒரு கல்லு, மூணு கை. நான் என்னத்தம்மா எழுத?” என்று கேட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையோடு ஓரமாக நின்றேன்.

சரி, என் நல்லதுக்குத்தான் செய்தார்கள், எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக என் கல்லைப் பிடுங்கிக்கொள்வதா? ஏழு மணி நேரம் சுமந்தது யார்? கை அறுந்தது யாருக்கு? கித்தேரி அக்கா தன் கல்லைக் கடலில் விட்டுவிட்டாள், அதனால் என்னுடையதைக் கேட்கிறாள் என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்கு அழுதேன். அவளுக்கு இனிமேல் மகன் எப்படி வருவான், சொல்லுங்க?

போன வாரம் அவருக்குப் பேச்சு வந்தது. ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு காது கேட்காது, ஆனால் பேசுகிறார். நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். இன்ஸ்பெக்டர் வந்து, யார் அடித்தது, தெரியுமா என்று கேட்டார். பின்பக்கம் அடித்ததால் தெரியாது, கித்தேரியாகத்தான் இருக்கும் என்று இவ அப்பா சொன்னார்.

“ஒம் பொண்டாட்டிதான் கிட்ட நின்னுருக்கா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவர் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. “இவளா? இவளுக்கு ஏது சார் அவ்வளவு தைரியம்?”

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நான் கஞ்சி ஸ்பூனை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்னமோ மாதிரி இருந்தது அக்கா. வாயில் குத்தியபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்பூனை அவர் கையில் கொடுத்து, நீங்களே குடியுங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். மாமி ஏசினார்கள்.

கல் ஸ்டேஷனில் இருக்கிறது. துணியில் கட்டி, அட்டையில் நம்பர் எழுதி, மேஜைக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். பிலோமி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பெட்டியில்தான் இருக்கிறது என்றால் தரையில் பட்டதாகாது, இல்லையா? கித்தேரி அக்கா கையில் கொடுத்தாள், போலீஸ்காரர் கையில் வாங்கினார், ஜீப்பில் வைத்தார். மண்ணில் படவே இல்லை. இதை நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தாங்க, கடுதாசியை ஒரு தடவை வாசித்துச் சொல்லுங்க. மாமி சொன்னது மாதிரிதான் இருக்கிறதா? இருக்கிறதா... சரி. அவர்கள் மூன்று பேர் பெயரும் வருகிற இடம் எது? விரலை வைத்துக் காட்டுங்க. உங்களிடம் பேனா இருக்குமே, டீச்சர் மாதிரி இருக்கிறீங்க. கொஞ்சம் கொடுங்க.

இல்லை, கீழே இல்லை அக்கா. கையெழுத்துப் போடுகிற இடம் எனக்குத் தெரியும், மாமி பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம்தான் வேணும். கித்தேரி, இந்தா அடித்துவிட்டேன். பிலோமி. ஆஞ்சலா. சரியாக அடித்திருக்கிறேனா? இனி இதுக்கு மேலே என் பெயர். நீங்கள் எழுத வேண்டாம், எனக்கு என் பெயர் எழுதத் தெரியும். பஸ் குலுக்குகிறது, வேகத்தடை தாண்டட்டும். இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீங்களா? அந்தக் கை பக்கம் தொடாதீங்க. ஆமா, அப்படித்தான்.

ஜெ... னோ... பா. கோணலாக இருக்கிறதோ? வாசிக்க முடிகிறதா? நீங்களே வாசித்தீங்களே, போதும்.

என்ன ஆகும் என்று கேட்காதீங்க. பிள்ளையை என்ன செய்வேன் என்றும் கேட்காதீங்க, அதைக் கேட்டால் நான் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டேன். கித்தேரி அக்கா ஸ்டேஷன் வாசலில்தான் நிற்பாள், தினமும் கூப்பிட்டு நிற்கவைக்கிறார்கள். இவளை அவள் இடுப்பில் கொடுத்துவிட்டு உள்ளே போகணும். அவள் இடுப்பு சும்மாதானே இருக்கிறது.

கண்டக்டர் விசில் அடிக்கிறார், இதுதான் ஸ்டாப். பிள்ளையைக் கொடுங்க. செருப்பா? போடவில்லை அக்கா, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். இங்கேயிருந்து ஸ்டேஷன் கொஞ்ச தூரம்தான், நடந்துவிடுவேன். இறங்கினதும் உங்களைத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டமாட்டேன். தப்பாக நினைக்காதீங்க.